15 ‘தௌ’ இடைவெளி: பாயின்ட்டிலிருந்து எலெக்ட்ரானிக்குக்கு மாறிய நெய்வேலி அம்பாசடர்!

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் காலையில் எழும் முதல் கேள்வி, ‘ஸ்டார்ட் ஆகுமா?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒரு சின்ன இடைவெளியில் இருக்கிறது. ஐந்தாறு தலைமுடிகளை அடுக்கி வைத்தால் வரும் கனம்தான் அதன் அளவு. மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.4. பழைய மெக்கானிக்குகள் ‘15 தௌ’ என்பார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு.

அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என ஒரு காலத்தில் நம் சாலைகளை ஆண்ட எல்லா பெட்ரோல் கார்களும் இப்படியொரு இடைவெளியை நம்பித்தான் ஓடின. அந்த இடைவெளியைக் கொடுக்கும் சாதனத்துக்கு ‘பாயின்ட்’ என்று பெயர். ‘சி.பி. பாயின்ட்’ என்றும் சொல்வார்கள். சில பட்டறைகளில் இன்னும் ‘பிளாட்டினம் பாயின்ட்’ என்றே கேட்பார்கள். உண்மையில் அதன் முனைகளில் இருப்பது டங்ஸ்டன்.

நெய்வேலியில் ஒரு 1984 மாடல் அம்பாசடரிலிருந்து அந்தப் பாயின்ட் சமீபத்தில் கழற்றப்பட்டது. அதன் இடத்தில் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது. வேலை என்னவோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடிந்துவிட்டது. ஆனால், அந்த முடிவுக்கு வர அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருடங்கள் ஆயின.

200 கிலோமீட்டருக்கு 10 லட்சம் முறை

முதலில் இந்தப் பாயின்ட் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். பேட்டரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக்கின் முனையில் பொறி தாண்ட வைக்க முடியாது. அதற்கு 15,000, 20,000 வோல்ட் என்ற கணக்கில் மின்சாரம் தேவை. அதைத் தருவது காயில். காயிலுக்குள் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது திடீரென அதை நிறுத்தினால், உள்ளே சேர்ந்திருக்கும் காந்தப்புலம் சரிந்து, இன்னொரு சுற்றில் உயர் மின்னழுத்தம் எழும். ‘திடீரென நிறுத்துவது’தான் பாயின்ட்டின் வேலை.

டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் சுழலும் தண்டில் நான்கு மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேடு வரும்போதும் பாயின்ட் திறக்கும். மேடு நகர்ந்ததும் மூடும். திறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. அந்தப் பொறியை எந்த சிலிண்டருக்கு அனுப்ப வேண்டும் என்பதை மேலே சுற்றும் ரோட்டார் முடிவு செய்யும். அம்பாசடரில் அந்த வரிசை 1, 3, 4, 2. பாயின்ட் திறக்கும் நொடியில் அதன் முனைகளிலேயே பொறி தெறித்து வீணாகாமல் இருக்க, பக்கத்தில் ஒரு கண்டென்சர்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பொறிகள். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்ற நிதானமான வேகத்திலேயே 4,000 பொறிகள். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். பழைய காருக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பயணத்தில் மட்டும் பாயின்ட் ஏறத்தாழ 10 லட்சம் முறை திறந்து மூடுகிறது!

இவ்வளவு உழைத்தால் தேயாமல் இருக்குமா? முனைகளில் ஒரு பக்கம் குழி விழும். எதிர்ப்பக்கம் சின்ன மேடு வளரும். மேட்டின் மீது உரசுகிற பாயின்ட்டின் கால் தேயும். கால் தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும். வண்டி இழுக்காது, எஞ்சின் சூடாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், காலையில் மல்லுக்கட்டும். அதனால்தான் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயின்ட்டைத் தேய்த்து, ‘செட்டிங்’ செய்ய வேண்டியிருந்தது. ஃபில்லர் கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்து, இடைவெளி வைத்து, ஊர் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

ரிலே அறையில் கற்ற பாடம்

இந்த அம்பாசடரின் சொந்தக்காரர், நெய்வேலி முதல் அனல் மின்நிலையத்தில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

நெய்வேலியைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் யூனியனின் ஒத்துழைப்போடு கட்டப்பட்ட முதல் அனல் மின்நிலையம், 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதன் முழுத் திறன் 600 மெகாவாட். சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் சுற்றி, அகலமான சாலைகளும் மரங்களுமாக, வட்டம் வட்டமாக வளர்ந்ததுதான் நெய்வேலி நகரியம். இங்கே முகவரி கேட்டால் தெருப்பெயரைவிட முதலில் வட்டத்தின் எண்ணைத்தான் சொல்வார்கள்.

இந்த நகரியத்தில் இயந்திரம் என்றால் யாருக்கும் அந்நியம் இல்லை. வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட, கடைக்குப் போவதற்கு முன் அடுத்த குவார்ட்டர்ஸில் யாராவது ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிடுவார். இவரும் அப்படித்தான். கடலூரில் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த அந்த அம்பாசடரை வாங்கிய நாள் முதல், எலெக்ட்ரிக்கல் வேலை எதற்கும் வெளியில் விட்டதே இல்லை.

அவருக்குப் பாயின்ட் புதிய விஷயமும் இல்லை. மின்நிலையத்தில் அவர் வருடக்கணக்கில் பார்த்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ரிலே, கான்டாக்டர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருக்கும். விலகும்போது பொறி வரும், பொறி வந்தால் கருகும், கருகினால் சுத்தம் செய்ய வேண்டும். “தொடுறது எல்லாம் தேயும். அதான் கரன்ட்டோட குணம்” என்பார். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிப்போன வாக்கியம் அது.

பிற்காலத்தில் மின்நிலையங்களிலும் அசையும் பாகங்கள் கொண்ட ரிலேக்கள் போய், எலெக்ட்ரானிக் ரிலேக்கள் வந்தன. தேய்வதற்கு உள்ளே எதுவும் இல்லாத பெட்டிகள். அவற்றைத் திறந்து தேய்க்க வேண்டியதில்லை, திறக்கவே வேண்டியதில்லை. வேலையில் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டவர், வீட்டுக் காரில் மட்டும் பாயின்ட்டை விடவில்லை. காரணம் கேட்டால், “அது என் கைக்குப் பழகினது” என்பார்.

“நம்பர் எவ்ளோனு பாரு...”

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது நகரியத்தின் நியதி. முப்பது வருடம் வாழ்ந்த வீட்டை விட்டு, வேலியோரம் தானே நட்ட மாமரத்தையும் விட்டுவிட்டு, ஆர்ச் கேட்டுக்கு எதிர்ப்புறம் இந்திரா நகர் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்தார்கள். பலரும் அப்படித்தான் வருகிறார்கள். புது வீட்டில் இடம் சிறியது. ஆனாலும் காருக்கு ஒரு ஷெட் போட்டார்.

மாதத்தில் ஒருநாள், ஞாயிறு காலை, பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்களையும் தள்ளி, ரோட்டாரைக் கழற்றி, பாயின்ட்டைப் பார்ப்பது அவருடைய வழக்கம். மழைக்காலமானால் வேலை கூடும். கடலூர் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் சும்மா தூறல் அல்ல. மூடிக்குள் ஈரம் கோத்தால் பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கசிந்துவிடும். துடைத்து, காயவைத்து, செட்டிங் வைத்து, மகளைக் கூப்பிட்டு ‘செல்ஃப்’ அடிக்கச் சொல்வார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நடப்பது இது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபில்லர் கேஜின் தகடுகளை விசிறி மாதிரி விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் வெயிலில் நின்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

“இதுல நம்பர் எவ்ளோனு பாரு.”

“பதினஞ்சுனு போட்டிருக்குங்க. உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியுது... வெயில் கூசுது.”

தகட்டில் பொறித்த எண் தெரியாதவருக்கு, அந்தத் தகடு நுழையும் இடைவெளி மட்டும் எப்படித் தெரியும்? அவர் சொல்லவில்லை. மனைவியும் கேட்கவில்லை. ஆனால், அன்று இரவே கடலூரில் வங்கியில் வேலை பார்க்கும் மகளுக்கு அம்மாவிடமிருந்து போன் போனது. இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருப்பதை மருத்துவர் உறுதிப்படுத்தினார். கூடவே கைநடுக்கம். பாயின்ட்டைப் பிடிக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூ, விரலிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் எங்கோ போய் விழுவது வாடிக்கையானது.

“வித்துடலாம்பா” என்று மகள் ஒருமுறைதான் சொன்னார். அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அடுத்த வாரம் ஷெட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டார். வண்டி பல மாதங்கள் நின்றது. முன்டயர் ஒன்று காற்றிறங்கித் தரையோடு அமர்ந்தது. விற்பதைவிட அது மோசம் என்று மகளுக்குத் தோன்றியது.

தொடாமல் உணரும் தொழில்நுட்பம்

மகள் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பாயின்ட் இல்லாமல் பழைய காரை ஓட்ட முடியுமா? முடியும். உலகம் அதை எப்போதோ செய்துவிட்டது.

பாயின்ட், காயில், கண்டென்சர் கூட்டணியை 1910-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேடிலாக் கார்களுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அடிப்படை மாறாமல் அது அரை நூற்றாண்டுக்கு மேல் உலகை ஓட்டியது. 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மின்சாரத்தை நிறுத்தவும் விடவும் உலோக முனைகள் அவசியம் இல்லை என்றானது. 1973-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன்னுடைய எல்லா கார்களிலும் எலெக்ட்ரானிக் இக்னிஷனையே பொருத்தியது. நம் ஊரில் அந்த வார்த்தை பரவலாக அறிமுகமானது ஸ்கூட்டர்கள் மூலம். பக்கவாட்டில் ‘எலெக்ட்ரானிக்’ என்று எழுதியிருந்தால் அதற்குத் தனி மவுசு!

பழைய காருக்கென்று வரும் கிட்டில் பெரும்பாலும் இரண்டே பொருட்கள்தான். ஒன்று, நான்கு சிறு காந்தங்கள் பதித்த வளையம். தண்டின் நான்கு மேடுகள் மீது அது தொப்பி போலச் செருகிக்கொள்ளும். இன்னொன்று, பாயின்ட் இருந்த இடத்தில் உட்காரும் மாட்யூல். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் மாட்யூல் அதை உணர்ந்து, காயிலின் மின்சாரத்தை நிறுத்தும். காந்தப்புலம் குறுக்கே வந்தால் மின்கடத்தியில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டறிந்தார். ‘ஹால் விளைவு’ என்று கல்லூரிப் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

எதுவும் எதையும் தொடுவதில்லை. அதனால் தேய்வதற்கும் எதுவும் இல்லை.

மகள் இதை விளக்கியபோது அப்பா குறுக்கிட்டார். “எனக்கே ஹால் எஃபெக்ட் சொல்லித் தர்றியா?” என்று சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு காரைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். காயிலின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? பாடிக்கு எர்த் பாசிட்டிவா, நெகட்டிவா? சாவியை ஆன் செய்து எஞ்சினை ஓட்டாமல் விட்டால் தாங்குமா? மகளிடம் இதற்கெல்லாம் பதில் இல்லை. பதில் தேடுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அந்தக் கண்ணால் போன் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார்.

ஞாயிறு முற்பகல்

வேலையைச் செய்தவர் பக்கத்துப் பட்டறையின் இளம் மெக்கானிக். அவர் தொழில் கற்றதே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு. பாயின்ட் செட்டிங்கை அவர் செய்ததே இல்லை. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“முதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க தம்பி.”

“சரி சார்.”

“மூடியைத் தூக்குறதுக்கு முன்னாடி, ஒண்ணாம் நம்பர் பிளக் வயர் எங்க இருக்குன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க. கிராங்க் புல்லியில வெட்டுக்குறி இருக்கும். அதைச் சேத்து வெச்சுட்டு, ரோட்டார் எங்க பாக்குதுன்னு பாருங்க.”

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. ரோட்டார் வெளியே வந்தது. கண்டென்சர், பாயின்ட் இரண்டும் கழன்றன. அடித்தகட்டில் படிந்திருந்த கறுப்பு மசகையும் தூசியையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார்கள். அடித்தகட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குப் போகும் மெல்லிய எர்த் வயர், பாதி இழைகள் அறுந்து தொங்கியது. “இத விட்டா, புது மாட்யூல் போட்டும் பிரயோஜனம் இல்ல” என்று அப்பா நிறுத்தினார். அதை மாற்றவே அரை மணி நேரம் ஆனது.

மாட்யூல் உட்கார்ந்தது. காந்த வளையம் தண்டில் இறங்கியது. சிவப்பு வயர் காயிலின் பிளஸ்ஸுக்கும், கறுப்பு வயர் மைனஸுக்கும் போயின. வயர் இரண்டும் சுழலும் பாகம் எதிலும் உரசாமல் ரப்பர் புஷ் வழியாக வெளியே வந்தன. ரோட்டாரை மீண்டும் பொருத்தி, மூடியைப் போடும் முன் எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தார்கள்.

முதல் ‘செல்ஃப்’ அடித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை லேசாக இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஆனால், ஓட்டம் சரியில்லை. பாயின்ட் திறக்கும் தருணமும், மாட்யூல் உணரும் தருணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனவே டைமிங்கைப் புதிதாக வைக்க வேண்டும். மெக்கானிக் டைமிங் லைட்டை எடுத்து வந்து, வேக்வம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, புல்லியின் வெட்டுக்குறி மீது ஒளியைப் பாய்ச்சினார். டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு நூலளவாகத் திருப்பத் திருப்ப, எஞ்சினின் குரல் மாறியது.

அப்பா விளக்கைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில், “அங்கதான், நிறுத்துங்க தம்பி” என்றார். மெக்கானிக் லைட்டில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “கரெக்டா இருக்கு சார்!”

மகள் அதை நெடுநாள் சொல்லிக்கொண்டிருப்பார். கண் விட்ட இடத்தைக் காது பிடித்துக்கொண்டது.

கிடைத்ததும் போனதும்

மாற்றத்துக்குப் பிறகு என்ன வித்தியாசம்? காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. சிக்னலில் நிற்கும்போது குலுக்கல் குறைந்திருக்கிறது. மேம்பாலம் ஏறும்போது இடறுவதில்லை. மாதாந்தரச் செட்டிங் வேலை அடியோடு இல்லை.

ஆனால், மாறியது ஒரு சுவிட்ச் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அதே பழையவைதான். ரோட்டார், மூடி, பிளக் வயர் ஆகியவையும் தேயக்கூடியவையே. கார்புரேட்டரில் கோளாறு இருந்தால் எந்த மாட்யூலும் அதைச் சரிசெய்யாது. வண்டி புதிதாகிவிடாது. அதன் ஒரு வியாதி குணமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாயின்ட் சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். முதலில் இழுவை குறையும், பிறகு இடறும், பிறகுதான் நிற்கும். நின்றாலும் எமரி பேப்பரால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் வீடு வந்து சேர்த்துவிடும். எலெக்ட்ரானிக் மாட்யூல் அப்படியல்ல. வருடக்கணக்கில் மூச்சுக் காட்டாமல் உழைக்கும். ஒருநாள் செத்தால் மொத்தமாகச் செத்துவிடும். சாலையோரத்தில் அதைத் திறந்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

பழைய கார் ஆர்வலர்களில் ஒரு தரப்பு இந்த மாற்றத்தையே விரும்புவதில்லை. கார் பிறந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, அசல் வடிவத்தில் பராமரிக்கப்படும் வாகனங்கள், ‘வின்டேஜ்’ எனத் தனிப் பதிவு பெறலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ’ என்ற எழுத்துகள் வரும். இந்த அம்பாசடருக்கு அந்த வயது வர 2034 ஆக வேண்டும். “அதுவரைக்கும் நான் இருந்தா, பழைய பாயின்ட்டைத் திருப்பிப் போட்டுக்கலாம்” என்கிறார் அப்பா. அது வேடிக்கைப் பேச்சு மட்டும் அல்ல. இந்த மாற்றத்தில் எதையும் வெட்டவில்லை, துளையிடவில்லை, ஒட்டவில்லை. மூடியைப் போட்டுவிட்டால் வெளியே தெரிவதும் கூடுதலாக ஒரு வயர்தான்.

நீங்களும் மாற்றப் போகிறீர்களா?

வீட்டில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கிட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. காரின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கைமாறிய கார்களில் வேறு வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது சகஜம்.

2. எர்த் எது என்று பாருங்கள். மிகப் பழைய பிரிட்டிஷ் வம்சாவளிக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான மாட்யூலை அதில் மாட்டினால், சாவியைத் திருப்பிய நொடியிலேயே கருகிவிடும்.

3. காயிலின் முதன்மைச் சுற்றை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் சாதாரணக் காயிலில் சுமார் 3 ஓம் வரும். மாட்யூல் தயாரிப்பாளர் கேட்கும் அளவைவிடக் குறைவாக இருந்தால் காயிலையும் மாற்றுங்கள்.

4. செம்புக் கம்பி கொண்ட பழைய பிளக் வயர்களுக்குப் பதிலாக, மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர்களையே பயன்படுத்துங்கள். இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

5. எஞ்சின் ஓடாதபோது சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்காதீர்கள். காயிலும் மாட்யூலும் சூடேறிப் போகலாம்.

6. பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்குக் கீழே போனால் மாட்யூல் வேலை செய்யாது. ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் பயனில்லை.

7. மாட்டிய பிறகு டைமிங்கை லைட் வைத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

8. கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் தூக்கி எறியாதீர்கள்.

டிக்கியில் ஒரு தகர டப்பா

நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம் 2020 செப்டம்பர் இறுதியோடு ஓய்வு பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய இயந்திரங்கள். அதன் இடத்தை எடுத்துக்கொள்ள, 1,000 மெகாவாட் திறனில் புதிய அனல் மின்நிலையம் வந்திருக்கிறது. பழையதில் உழைத்தவர்களுக்கு அந்த நாள் லேசானதாக இருந்திருக்காது. ஆனால், அவர்களில் யாரும் ஊருக்குக் கரன்ட் வரக் கூடாது என்று நினைக்கவில்லை. மாற்றத்தோடு சண்டை போடுபவர்கள் அல்ல அவர்கள். தங்கள் கை இத்தனை காலம் செய்ததற்கு ஒரு மரியாதை இருந்தால் போதும்.

எட்டாவது குறிப்பு இந்த வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே கடைப்பிடிக்கப்பட்டது. இரண்டாவது கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்து, கறுப்புக் கண்ணாடி கழற்றப்பட்ட பிறகு, அப்பா ஒருநாள் பழைய அடித்தகடு ஒன்றைத் தேடியெடுத்தார். அதில் புதுப் பாயின்ட்டையும் கண்டென்சரையும் மாட்டி, வேறொரு பழைய தண்டில் பொருத்தி, மேடு உச்சிக்கு வரும்படி நிறுத்தி, இடைவெளி வைத்தார். ஃபில்லர் கேஜின் எண்ணை இந்த முறை அவரே படித்தார். ஸ்க்ரூவை முறுக்கும்போது மட்டும் மகளின் விரல் உதவியது.

அந்தச் செட் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில், எண்ணெய்த் துணி சுற்றி, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும் எமரி பேப்பரோடும் அம்பாசடரின் டிக்கியில் இருக்கிறது. மாட்யூல் என்றாவது வழியில் கைவிட்டால், அரை மணி நேரத்தில் இதை மாட்டி வீடு வந்துவிடலாம். எப்படி மாட்டுவது என்பதை மகளுக்கு மூன்று முறை செய்துகாட்டியிருக்கிறார். நான்காவது முறை மகளே செய்தார். அப்பா நாற்காலியில் அமர்ந்து, நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாப்பது நிமிஷம். மழையில நின்னா இவ்ளோ நேரம் ஆகக் கூடாதுமா” என்றார்.

டப்பாவின் மூடியில் மகள் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘15’.